நாய்க்கும் பொருத்தம் பார்க்க வேண்டாமா?

நம் தேசத்தில் கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வீடு கட்டுவதென்றால் மனையடி சாஸ்திரம் பார்க்கிறோம். மாடு வாங்கப் போனால் சுழி பார்க்கிறோம். வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறோம். புடவை வாங்கும் வைபவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறு மாதத்தில் சாயம் போகப் போகிற ஒரு புடவைக்காக அறுபது புடவைகளைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற பொறுமை நம் குடும்பங்களில் இருக்கிறது.

ஆனால் நாய் வாங்கும்போது மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது! சினிமாவில் பார்த்தோம், பக்கத்து வீட்டில் பார்த்தோம், குழந்தை கேட்டது, வாங்கிவிட்டோம் என்கிறோம். அந்த ஜீவன் பத்துப் பன்னிரண்டு வருஷம் நம்மோடு இருக்கப் போகிறது என்பதும், அதற்கென்று ஒரு சுபாவம் உண்டு என்பதும் வாங்கின பிறகுதான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இதன் பலனை எந்தப் பட்டணத்திலும் காணலாம். சைபீரியாவின் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட ஹஸ்கி, சென்னையின் அக்கினி நட்சத்திரத்தில் குளிர்சாதன அறைக்குள் சிறைவாசம் செய்கிறது. ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் துறவிகளின் மடத்தோடு வாழ்ந்து பெயர் பெற்ற ஸெயின்ட் பெர்னார்டு, மதுரை மாடி வீட்டில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குகிறது. 2003-ஆம் ஆண்டு வாக்கில் கைத்தொலைபேசி விளம்பரம் ஒன்றில் சிறுவன் பின்னால் ஓடி வந்த பக் நாயைக் கண்டு தேசமே மயங்கிற்று. சப்பை மூக்கு உள்ள அந்த இனம் வெயிலில் மூச்சு விடத் திணறும் என்பதை அந்த விளம்பரம் சொல்லவில்லை. ஆசை தீர்ந்த பிறகு இவற்றில் பல, பிராணிகள் காப்பகத்தின் வாசலில் கட்டிப் போடப்படுகின்றன. சில, நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படுகின்றன.

"அப்படியானால் சுதேசி நாயை வாங்கிவிடுகிறேன். கதருக்கு உள்ள நியாயம் நாய்க்கும் உண்டல்லவா?" என்றார் என் சிநேகிதர் ஒருவர். சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவர் அவர். காலை எட்டு மணிக்கு ஆபீசுக்குப் புறப்பட்டால் திரும்புவது இரவு ஏழுக்கு. அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி. அந்த அம்மாள் மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார். பிள்ளை வெளிதேசத்தில் இருக்கிறான். வீட்டுக்கு ஒரு துணை வேண்டும் என்பது உண்மையான தேவைதான். ஆகவே அவருக்கு நாய் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் தென்பாண்டி நாட்டுக்குப் பிரயாணமானோம்.

வெள்ளை நாயின் ஊர்

மதுரையிலிருந்து தென்மேற்கே பஸ் ஏறினால் கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் எல்லாம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறது. ஆண்டாள் கோயிலின் கோபுரம் வெகுதூரத்திலிருந்தே தெரிகிறது. பால்கோவா வாசனை அதற்கும் முன்னால் வந்துவிடுகிறது என்று சிநேகிதர் சத்தியம் செய்தார். அங்கிருந்து சற்று தூரம் போனால் ராஜபாளையம். மேற்கே மலைத்தொடர் சுவர் வைத்தாற்போல் நிற்கிறது. மலையடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும், ஊருக்குள் பஞ்சாலைகள். ஊரின் முதல் பெரிய ஆலையான ராஜபாளையம் மில்ஸை ராமசாமி ராஜா 1936-இல் ஆரம்பித்தார். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜாவும் இந்த ஊர்க்காரர்தான். தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட பெரியவர் அவர்.

ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் இன்றைக்கும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். ராஜபாளையம் நாய் அவர்களுடைய வீட்டையும் தோப்பையும் காத்து, காட்டுப் பன்றி வேட்டைக்குக் கூடச் சென்ற நாய். பால் போல் வெளுத்த குட்டை ரோமம், ரோஜா நிற மூக்கு, சற்றே வளைந்த வால், அகன்ற மார்பு. தோள்பட்டை வரை அளந்தால் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். அது எழுந்து நின்று நம்மைப் பார்க்கும்போது, நாம் ஏதோ அனுமதிச் சீட்டில்லாமல் உள்ளே வந்துவிட்டாற்போல் ஓர் உணர்ச்சி உண்டாகிறது! 2005-ஆம் ஆண்டு தபால் இலாகா நம் நாட்டு நாய்கள் நான்கிற்கு முத்திரை வெளியிட்டபோது ராஜபாளையமும் அவற்றில் ஒன்று. முதோல், ராம்பூர், இமாலய ஆட்டுநாய் ஆகியவை மற்ற மூன்று.

தலைமுறையாக நாய் வளர்க்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். நாலு குட்டிகள் தாயின் மடியில் கிடந்தன. சிநேகிதர் அவற்றைக் கண்டதும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெரியவரோ குட்டிகளைக் காட்டவில்லை; ஒரு பித்தளைத் தட்டை எடுத்து வந்தார். ஒரு குட்டியை மட்டும் தனியே தூக்கி வந்து திண்ணையில் விட்டு, அதன் பின்பக்கமாக நின்று தட்டைத் தட்டினார். குட்டி திடுக்கிட்டுத் திரும்பிற்று. இப்படியே மூன்று குட்டிகளுக்குச் செய்தார். நாலாவது குட்டி திரும்பவில்லை. தட்டை இன்னும் பலமாகத் தட்டினார். அது பாட்டுக்கு எறும்பு பார்த்துக்கொண்டிருந்தது.

"காது கேட்காது, தம்பி" என்றார் பெரியவர். "கூட்டத்தோடு இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. மற்றது திரும்பினால் இதுவும் திரும்பும். தனியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்."

முழு வெள்ளை நிறத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாத இடத்தில் காது கேட்கும் சக்தி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகிறது. நீலக் கண் உள்ள குட்டிகளிடம் இந்தக் குறை அதிகம். 'தூய வெள்ளைதான் வேண்டும்' என்று வாங்குகிறவர்கள் பிடிவாதம் பிடிக்கப் பிடிக்க, நெருங்கிய உறவுக்குள்ளேயே நாய்களைச் சேர்க்கிறார்கள். குறையும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது.

பிறகு பெரியவர் சிநேகிதரைப் பார்த்துக் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நாயோடு இருப்பீர்கள்?"

சிநேகிதர் கணக்குப் போட்டுப் பார்த்து, "காலையில் அரை மணி, ராத்திரி ஒரு மணி" என்றார்.

"அப்படியானால் வேண்டாம். இது ஒரே ஆளை எஜமானனாக வரித்துக்கொள்ளும் நாய். அந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் முரடாகிவிடும். கட்டிப் போட்டால் இன்னும் முரடாகும். பிறகு எவனையாவது கடித்துவிட்டதென்று சொல்லி என்னிடமே கொண்டுவந்து விடுவீர்கள். பதினோரு மாதக் குட்டியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. அதற்கப்புறம் அது யாரையுமே நம்பாது."

வியாபாரம் செய்ய வந்தவரை வியாபாரியே திருப்பி அனுப்பும் காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காது கேளாத அந்தக் குட்டி என்ன ஆகும் என்று கேட்டேன். "இங்கேயே இருக்கும். கை காட்டினால் வரும். அதற்கு அம்மா வேறு இருக்கிறாள்" என்றார்.

கரிசல் காட்டில்

ராஜபாளையத்தை விட்டுக் கிழக்கே போகப் போக மலை பின்வாங்குகிறது. பசுமையும் அதனோடு போய்விடுகிறது. கரிசல் பூமி ஆரம்பமாகிறது. மழை பெய்தால் காலை விடாத களிமண். வெயில் அடித்தால் கை நுழையும் வெடிப்பு. பருத்தி, கம்பு, மக்காச்சோளம், உளுந்து. வரப்போரத்தில் பனைகள், தரிசில் சீமைக்கருவேல். கண்ணுக்கெட்டிய மட்டும் மறைப்பே கிடையாது. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட இந்த வெட்டவெளியில்தான் சிப்பிப்பாறை என்னும் கிராமம் இருக்கிறது.

இந்தப் பூமியைப் பார்த்தவர்களுக்கு இந்த நாயின் உடம்பு விளங்கிவிடும். முயல் புதரிலிருந்து கிளம்பினால் ஒளிய இடமில்லை; ஓட்டம்தான் கதி. அதைப் பிடிக்க வேண்டிய நாய்க்கும் ஓட்டம்தான் கதி. ஆகவே நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்புக்கூடு, ஒட்டிய வயிறு, ஈட்டி போன்ற முகம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் இனம் இது. தூரத்தில் ஒரு காகிதம் காற்றில் அசைந்தாலும் இதன் தலை நிமிர்ந்துவிடுகிறது. உடம்பில் கொழுப்பு என்பது பெயருக்குக்கூட இல்லை. விலா எலும்புகளை எண்ணலாம். "ஐயோ பாவம், சோறு போடுவதில்லை போலிருக்கிறது!" என்று பட்டணத்தார் பரிதாபப்படுகிறார்களாம். கம்பங்கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாய். அதன் இலட்சணமே அதுதான்.

கறுப்பு உடம்பும், புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்புமாக இருப்பதைக் 'கன்னி' என்கிறார்கள். செவலையும் சாம்பலுமாக இருப்பவை 'சிப்பிப்பாறை' என்று பேர் பெறுகின்றன. மணப்பெண்ணோடு புக்ககத்துக்குக் கன்னி நாய்க்குட்டி ஒன்றைச் சீராக அனுப்பும் வழக்கம் முன்பு உண்டு என்று ஊரார் சொல்கிறார்கள். சுபாவத்தில் இரண்டும் ஒன்றே. வீட்டில் இருக்கும்போது இது நாயா, தூணா என்று சந்தேகம் வரும்படி அமைதியாய்ப் படுத்திருக்கும். வெளியே விட்டால் அம்பு. வழியில் பூனையோ கோழியோ ஓடினால், எஜமான் எத்தனை கூவினாலும் காதில் விழாது. காது கேளாமையால் அல்ல. அந்த நிமிஷத்தில் அதற்குக் கண் மட்டுமே இருக்கிறது!

ஒரு சம்சாரி தம் பருத்திக்காட்டு வரப்பில் எங்களை உட்கார வைத்துக்கொண்டு, கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டார். அது ஓடியதை வர்ணிக்க எனக்குச் சக்தி போதாது. நாலு காலும் ஏக காலத்தில் பூமியை விட்டு எழும்புவதும், முதுகு வில்லாய் வளைந்து நிமிர்வதும் தெரிந்தன. அதற்குள் நாய் காட்டின் அந்தக் கோடியில் இருந்தது. சிநேகிதர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

"ஓட இடம் இருக்கா, அண்ணாச்சி?" என்றார் சம்சாரி.

"மொட்டை மாடி இருக்கிறது" என்றார் சிநேகிதர் மெதுவாக.

சம்சாரி சிரிக்கவில்லை. "பட்டணத்துக்குக் கொண்டுபோன ஒண்ணு, மாடியிலே புறாவைத் துரத்திக்கிட்டுக் கீழே விழுந்துபோச்சுன்னு சொன்னாங்க. அதிலேருந்து காடு இல்லாதவங்களுக்கு நான் குட்டி கொடுக்கிறதில்லே" என்றார்.

கோம்பையின் காவற்காரன்

மறுநாள் வடக்கே திரும்பி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினோம். கரிசல் காட்டைப் பார்த்த கண்ணுக்கு இந்தப் பள்ளத்தாக்கு வேறொரு தேசமாகத் தோன்றுகிறது. 1895-இல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு இந்தப் பக்கம் வருகிறது. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக ஒரே பச்சை. விடியற்காலையில் மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் கூலி ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். உத்தமபாளையத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கிறது கோம்பை.

காடும் வயலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் எவ்விதமான நாய் வேண்டுமோ, அவ்விதமான நாய் கோம்பை. ராஜபாளையத்தின் உயரமோ, சிப்பிப்பாறையின் ஒய்யாரமோ இதற்குக் கிடையாது. கட்டுமஸ்தான உடம்பு, செம்மண் நிறம், கரி பூசினாற்போன்ற கறுத்த வாய், பலமான தாடை. முன்னாளில் ஜமீன் வீட்டு வாசலிலும், பிறகு குடியானவர்களின் ஆட்டுக் கிடையிலும் தோப்பிலும் காவல் காத்து வந்த நாய் இது. யார் வந்தாலும் சந்தேகிப்பது இதன் தர்மம். நம்மை வாசலிலேயே நிறுத்தி, எஜமானன் உத்தரவு வரும்வரை ஓர் அடி நகரவிடாது. அந்த ஐந்து நிமிஷத்தில் நான் செய்த பாவங்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன.

"இதுதான் வேண்டும்! இது இருந்தால் வீட்டுப் பக்கம் ஒரு திருடன் வருவானா?" என்றார் சிநேகிதர், நாய் கட்டப்பட்ட பிறகு.

"திருடன் வரமாட்டான், அண்ணே. வேறு யாரெல்லாம் உங்கள் வீட்டுக்கு வருவார்கள்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

சிநேகிதர் சொல்ல ஆரம்பித்தார். பால்காரர், வேலைக்காரப் பெண், பார்சல் கொண்டுவரும் பையன்கள், பாட்டு வகுப்புக்கு வரும் பன்னிரண்டு குழந்தைகள்... சொல்லும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. பதில் தேவைப்படவும் இல்லை. தோப்பு வீட்டில் குணமாக இருக்கும் அதே சந்தேகம், பாட்டு வகுப்பு நடக்கும் கூடத்தில் ஒரு குழந்தையின் கையைக் கடிக்கும் குற்றமாக ஆகிவிடுமல்லவா?

உத்தியோகம் போன உத்தியோகஸ்தர்கள்

மூன்று ஊர்களில் மூன்று கேள்விகள் கேட்டார்கள். உங்கள் நேரம் எவ்வளவு? உங்கள் இடம் எவ்வளவு? உங்கள் வாசலில் யார் வருவார்கள்? நாயின் நிறத்தையும் உயரத்தையும் பற்றி அவர்களில் ஒருவரும் பேசவில்லை. பிரபலமான நாய்க் கண்காட்சிகளைவிட இந்தத் திண்ணைகளில் சாஸ்திரம் அதிகம் இருந்தது.

இனம் என்பது என்ன? ஒரு வேலைக்காக நூற்றுக்கணக்கான வருஷம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த உடம்பும் சுபாவமும்தான். லாப்ரடார் தண்ணீரில் விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வந்த நாய். இன்றும் தண்ணீரைக் கண்டால் குதிக்கிறது, கையில் எதையாவது கண்டால் கவ்வுகிறது. ஜெர்மன் ஷெப்பர்டு ஆடு மேய்த்த நாய். வேலை கொடுக்காவிட்டால் வீட்டாரையே மேய்க்கப் பார்க்கிறது. டாக்ஸ்ஹண்டு வளைக்குள் புகுந்து வேட்டையாடிய நாய். தோட்டத்தில் விட்டால் ரோஜாச் செடிகளின் கதி அதோகதிதான். அந்த வேலைக்கு நம் வீட்டில் ஏதாவது இடம் உண்டா என்று கேட்பதே பொருத்தத்தின் முதற்படி.

நம் நாட்டு வேட்டை நாய்களின் சங்கடமும் இங்கேதான் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அது நியாயமான சட்டம். முயலுக்கும் உயிர் உண்டு. ஆனால் ஒரே நாளில் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உத்தியோகம் போய்விட்டது! தோப்பைச் சுற்றிக் கம்பி வேலியும் காமிராவும் வந்த பிறகு கோம்பைக்கும் பாதி வேலை குறைந்தது. வேலை போன இனம் மெல்ல மெல்ல எண்ணிக்கையில் சுருங்குவது உலக இயல்பு.

காப்பாற்றும் முயற்சிகள் நடவாமலில்லை. 1980-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அரசாங்கக் கால்நடைத் துறை நாய் இனப்பெருக்க நிலையம் ஒன்றை அமைத்து, இந்த நாலு இனங்களையும் வளர்க்க முற்பட்டது. 2017-இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். 2020-ஆம் ஆண்டில் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வள நிலையம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முதோலையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி தம் வானொலிப் பேச்சில் நாட்டு நாய்களை வளர்க்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்.

தேசாபிமானத்தோடு பலர் குட்டி வாங்க முன்வந்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் ஓடப் பிறந்த நாயை மூன்றாவது மாடியில் பூட்டி வைப்பது, அதைச் சுதேசி என்று சொல்லிக்கொண்டு செய்தாலும் கொடுமைதான். கதர் வேஷ்டி நம் இடுப்பில் இருப்பதற்கு வருத்தப்படாது, நாய் வருத்தப்படும்.

பொருத்தம் பார்க்கும் முறை

நாய் வளர்க்க விரும்பும் குடும்பத்தார், குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தங்களைச் சற்றுப் பார்த்துக்கொள்வது நலம்.

முதலாவது, தேகப் பொருத்தம். நீங்கள் விடியற்காலையில் எழுந்து நாலு மைல் நடப்பவரா? அல்லது ஈஸிசேரில் சாய்ந்து பத்திரிகை படிப்பதே தேகப் பயிற்சி என்று கருதுபவரா? இரண்டாவது வகையினர் வேட்டை நாயின் பக்கம் போகக் கூடாது. 'நாய் வந்தால் நடக்க ஆரம்பிப்பேன்' என்பது, 'கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான்' என்பதைப் போன்ற நம்பிக்கை.

இரண்டாவது, குணப் பொருத்தம். உரத்த குரலில் அதட்டிப் பேசும் வீடுகளில் கூச்ச சுபாவமுள்ள கன்னி ஒடுங்கிப் போகும். எதற்கும் 'போகட்டும்' என்று விட்டுவிடும் இளகிய மனசுக்காரர் கையில் கோம்பையோ ராஜபாளையமோ வீட்டின் எஜமானனாகிவிடும். உறுதியும் நிதானமும் உள்ளவரிடத்தில்தான் காவல் நாய் காவல் நாயாக இருக்கும்.

மூன்றாவது, குடும்பப் பொருத்தம். கைக்குழந்தை இருக்கிறதா, தள்ளாத பெரியவர் இருக்கிறாரா, பலமான நாய் ஒரு துள்ளுத் துள்ளினால் அவர்கள் நிற்பார்களா என்று பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போனால் நாய்க்குச் சோறு வைப்பது யார் என்பதற்கும் முன்கூட்டியே பதில் வேண்டும்.

நாலாவது, செலவுப் பொருத்தம். விலை ஒரு தடவை, வைத்தியம் வருஷந்தோறும். மூன்றாவது மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும்; பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் நகராண்மைக்காரர்களிடம் உரிமமும் பெற வேண்டும்.

இனத்தைத் தெரிந்துகொண்டதோடு எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணிவிடவும் கூடாது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 18,000-க்கும் அதிகமான நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். நாய்க்கு நாய் காணப்படும் சுபாவ வித்தியாசத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்குதான் இனத்தால் வருகிறது என்று கண்டார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் சாதுவாகவும் ஒருவன் போக்கிரியாகவும் இருப்பதில்லையா? ஆகவே இனத்தைப் படத்தில் பார்த்தால் போதாது. தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். அன்னியரைக் கண்டு அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாதென்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அதற்கு முன் கொடுப்பவரிடம் வாங்காமலிருப்பதே நல்லது.

பெயரில்லாத இனம்

சிநேகிதர் என்ன செய்தார் என்று நேயர்கள் கேட்பார்கள். வெறுங்கையோடு சென்னைக்குத் திரும்பினார். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கு நடுவே, ஸ்ருதிப் பெட்டியின் பக்கத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கட்டிடத்துக் காவலாளியின் கொட்டகையில் ஒரு தெரு நாய் போட்ட குட்டி அது. பிறந்த நாள் முதல் பால்காரரையும் பார்சல்காரரையும் குழந்தைகளையும் பார்த்து வளர்ந்தது. காலையிலும் மாலையிலும் தெருக்கோடி வரை போய் வந்தால் அதற்குப் பரம திருப்தி. மனைவியின் முழங்கால் அந்தத் தூரத்துக்கு இடம் கொடுக்கிறது. கொஞ்சம் நடப்பதே அதற்கு நல்லது என்று வைத்தியரும் சொல்லியிருக்கிறார்.

நாட்டு நாய்க்குத் தபால் முத்திரை கிடையாது. அதன் உடம்பை எந்த ஜமீன்தாரும் பொறுக்கிச் சேர்க்கவில்லை. நம் வெயிலும் மழையும் தெருவுமே பொறுக்கிச் சேர்த்தன. குட்டை ரோமம், நடுத்தர உடம்பு, எதையும் தின்று ஜீரணிக்கும் வயிறு, மனிதரின் முகத்தைப் படிக்கும் புத்தி, எல்லாம் அதற்கு உண்டு. தெருவில் வளர்ந்து பெரிதான நாயைத் திடீரென்று வீட்டில் அடைத்தால் தவிக்கும். குட்டியாக எடுத்து வளர்ப்பது இருவருக்கும் சுகம். தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிட்டால், நம் பட்டணத்து நடுத்தரக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த நாயே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

மற்ற நாலு இனங்களும் அழிந்துபோகட்டும் என்று நான் சொல்லவில்லை. தோப்பும் துரவும் உள்ளவர்கள், பட்டணத்துக்கு வெளியே பண்ணை வைத்திருப்பவர்கள், நாய்க்காக நேரம் ஒதுக்க மனமுள்ளவர்கள் நம் ராஜ்யத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிறதேச நாய்களை அலங்காரத்துக்காக வாங்கிக் கட்டி வைத்திருப்பவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். ராஜபாளையமும் கோம்பையும் அவர்களுடைய வாசலில் நிற்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் அவர்களுடைய தோட்டத்தில் ஓட வேண்டும். இனம் பிழைப்பதற்கு வழி அதுதான்.

மற்றவர்கள் அந்த ஊர்களுக்குப் போகக் கூடாதென்பதில்லை. கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். கரிசல் காட்டில் சிப்பிப்பாறை ஓடுவதைக் காண்பது குற்றால அருவியைக் காண்பதற்குக் குறைந்ததல்ல. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லுங்கள். அவர் 'வேண்டாம், தம்பி' என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுங்கள். திரும்பும் வழியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அதற்கு எந்தப் பொருத்தமும் பார்க்க வேண்டியதில்லை.